யார் கண்ணிலும் படக் கூடாத வரி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் அன்றைக்கு ஒரு சந்தேகமாவது பட்டிருக்க வேண்டும். பட்ட சந்தேகத்தை வாசலில் இருக்கும் சந்தேகப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். "இன்று எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் மேல் போட்ட விசாரணை நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது.

மற்றவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். கோப்புப் பிரிவு அக்கா ஒன்பது வருடமாகச் சுவர்க் கடிகாரத்தையே சந்தேகப்பட்டு வருகிறார். அதை இரண்டு முறை கழற்றிச் சோதனை போட்டார்கள். இரண்டாவது சோதனைக்குப் பிறகு அது ஓடுவதில்லை. அதனால் அக்காவின் சந்தேகம் வலுத்திருப்பதாகப் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது. நான் மின்விசிறியை எடுத்துக்கொண்டேன். திருப்பிப் பேசாத எதையாவது சந்தேகப்படுவதுதான் உடம்புக்கு நல்லது.

அலுவலகத்தின் பெயர் ஆவணச் சீர்மை ஆணையம். எல்லா அலுவலகங்களின் உத்தரவுகளும் கடிதங்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தினார்கள். ஆறு வருடம் கூடிக் கூடிப் பேசி, 'சீர்மொழி' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மொழி என்றால் பேசுவதற்கு இல்லை. கம்ப்யூட்டரில் கடிதத்தைத் தட்டும்போது நடுநடுவே சில குறிகளைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டால் அச்சில் அந்தச் சொல் தடித்து வரும். அலைக்குறி போட்டால் அந்தச் சொல்லின் நடுவே அடித்த மாதிரி கோடு விழும். குறிகள் வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும், அச்சில் வராது. இதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆணையம் பதினெட்டு நாள் பயிற்சி முகாம் நடத்தியது.

நான் அங்கே தட்டச்சர். என் மனைவி ஒன்பது மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வயது மகள் அவளோடு இருக்கிறாள். இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் குழந்தையை எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அந்த அம்மா இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போகிறார். அதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் மனைவி வேலையை விட வேண்டும். என் இடமாற்றத்துக்கு அனுமதி கிடைத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. உத்தரவுதான் வரவில்லை. இனி எந்த உத்தரவும் சீர்மொழியில்தான் வெளிவர வேண்டும், சீர்மொழியோ சோதனை முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வர வேண்டும் என்று விதி. சோதனையை யாரிடம் கொடுப்பது என்பதிலேயே ஐந்து மாதம் போயிற்று. யாரிடம் கொடுத்தாலும் அவர் மேல் மற்றவர்களுக்குச் சந்தேகம். கடைசியில் என்னிடம் கொடுத்தார்கள்.

"உங்களுக்கு இதுல சொந்த லாபம் இருக்கு," என்றார் தலைவர். "அது எல்லாருக்கும் தெரியும். அதனால உங்களச் சந்தேகப்படறது எங்களுக்குச் சுலபம். மத்தவங்க விஷயத்துல காரணத்தத் தேட வேண்டியிருக்கு."

சோதனை செய்வது எப்படி என்பதற்கும் ஒரு சுற்றறிக்கை இருந்தது. சோதனைப் பக்கத்தில் ஒவ்வொரு குறியையும் பயன்படுத்திக் காட்ட வேண்டும். ஆனால் எழுதும் வாக்கியத்தில் விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் யாராவது அதை நிறைவேற்றிவிடுவார்கள். முன்பு ஒரு முறை மாதிரிக்காக "மாடிப்படியை அகற்றுக" என்று யாரோ எழுதிவைக்க, இன்றுவரை மேல்மாடிப் பிரிவுக்கு ஏணி வைத்துத்தான் ஏறுகிறார்கள்.

ஆகவே நான் விஷயமே இல்லாமல் எழுதினேன். தடித்த எழுத்துக்கு, "இந்தச் சொல் தடித்திருக்கும்." அடித்த சொல்லுக்கு, "இங்கே தவறு இருக்கிறது" என்று எழுதி 'தவறு' என்பதை அலைக்குறிக்குள் போட்டேன். கடைசியாக ஒரு வசதி பாக்கி இருந்தது. இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே எதை எழுதினாலும் அது கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், அச்சில் வராது. தட்டுகிறவர் தனக்காகக் குறிப்பு எழுதிக்கொள்ள வைத்தது. விதிப்புத்தகத்தில் அதற்கு மறைவு வரி என்று பெயர். அதற்கு நான் எழுதினேன்: "இந்த வரி யார் கண்ணிலும் படக் கூடாது."

ஒரு மத்தியானத்தில் எல்லாம் முடிந்தது. அச்சில் வந்த பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தடிக்க வேண்டியது தடித்திருந்தது, மறைய வேண்டியது மறைந்திருந்தது. அன்று மாதத்தின் மூன்றாம் தேதி. ஆறாம் தேதி உத்தரவு, ஏழாம் தேதி பஸ் என்று மனக்கணக்குப் போட்டு மனைவிக்குப் போன் பண்ணிச் சொல்லியும் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

நான்காம் தேதி காலையில் கண்காணிப்பு அதிகாரி வந்தார். அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொல்வோம். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பார். அவர் என் கம்ப்யூட்டர் திரையையும் அச்சுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள நாப்பத்திரண்டு ஸ்டார் போட்டிருக்கீங்க. நானே எண்ணினேன்."

"ஆமா சார்."

"வெளிய எத்தனை வந்திருக்கு?"

"வராது சார். சொல்லத் தடிக்க வெச்சுட்டு அது மறைஞ்சிடும்."

"எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார்."

"எங்கயும் போகலைன்னா இங்கதான இருக்கணும்?"

தேட ஆரம்பித்தார்கள். அச்சு இயந்திரத்தைக் கழற்றினார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். என் மேசை டிராயரையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். டப்பாவை மூடும்போது பூதக்கண்ணாடி மட்டும் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். சாயங்காலம் மகஜர் எழுதினார்கள்: காணாமல் போனவை நாற்பத்திரண்டு, மீட்கப்பட்டவை இல்லை. தன்னிடமிருந்து நட்சத்திரம் எதுவும் வழங்கப்படவில்லை என்று பண்டகசாலைக்காரர் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். அன்று சந்தேகப் பதிவேட்டில் என் பெயர் இருபத்தாறு முறை வந்திருந்தது. அக்கா மட்டும் கடிகாரத்தைக் கைவிடவில்லை. அந்த அம்மாள் நல்லவர்.

மறுநாள் பூதக்கண்ணாடி அடித்த சொல்லுக்கு வந்து சேர்ந்தார்.

"'தவறு'ன்னு எழுதி அடிச்சிருக்கீங்க. தவறு நடந்துச்சா, நடக்கலையா?"

"நடக்கல சார். அடிக்கிற குறி வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"நடக்கலைன்னா எழுதியிருக்க மாட்டீங்க. நடந்திருந்தா அடிச்சிருக்க மாட்டீங்க. சரி, அடிச்சதுதான் அடிச்சீங்க, உள்ள இருக்கற எழுத்து தெரியற மாதிரி அடிச்சிருக்கீங்களே, அது யார் படிக்கறதுக்கு?"

அன்று ராத்திரி மனைவி போன் பண்ணினாள். எதிர்வீட்டு அம்மா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

"ஏழாம் தேதி கிளம்பிடுவேன்னு சொன்னீங்களே."

"கொஞ்சம் தள்ளிப் போகும்போல இருக்கு."

"இப்ப என்ன?"

"நாப்பத்திரண்டு ஸ்டாரக் காணோம்னு தேடறாங்க."

அவள் மெதுவாக, "ராத்திரி ஒழுங்கா தூங்கறீங்களா?" என்று கேட்டாள்.

பதினோராம் தேதி மறைவு வரி கண்ணில் பட்டுவிட்டது. பூதக்கண்ணாடி அதைச் சத்தமாகப் படித்தார். "இந்த வரி யார் கண்ணிலும் படக் கூடாது." அறையில் இருந்த பதினான்கு பேரும் தட்டுவதை நிறுத்தினார்கள். ஒன்றுமே இல்லாத வாக்கியமாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். அதைவிட வில்லங்கமான வாக்கியத்தை ஒரு மனிதன் யோசித்தால்கூட எழுத முடியாது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. நடுவில் தலைவர், வலப்பக்கம் பூதக்கண்ணாடி, இடப்பக்கம் உறுப்பினர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்காகவே நியமிக்கப்பட்டவர்கள்.

"எந்த வரி யார் கண்ணுல படக் கூடாது?" என்றார் தலைவர்.

"அந்த வரியேதான் சார்."

"அதுல என்ன இருக்கு?"

"யார் கண்ணிலயும் படக் கூடாதுன்னு இருக்கு சார்."

"அது தெரியுது. எதுன்னு கேக்கறேன்."

இப்படியே ஆறு நாள். உண்மையை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். நின்று சொன்னேன், எழுதிக் கொடுத்தேன், ஒரு முறை அழுதுகூடச் சொன்னேன். அழுகை எதற்கு என்று தனியாக ஒரு கேள்வி சேர்ந்ததுதான் மிச்சம்.

ஏழாம் நாள் தலைவர் நீளமாகப் பேசினார். "இந்த ஆணையத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. நாம மக்கள்கிட்ட எதையும் மறைச்சதில்ல. நான் பதவிக்கு வந்து பதினொரு வருஷத்துல எவ்வளவோ மறைக்கணும்னு நெனச்சிருக்கேன். முடிஞ்சதா? முடியல. எழுதினா அச்சுல வந்துடும், எழுதாம விட்டா கையில ஆதாரம் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல கெடந்து தவிச்சுத்தான் நாம நேர்மையா இருந்திருக்கோம். இன்னைக்கு ஒரு தட்டச்சர், எழுதவும் எழுதலாம், வெளிய வராமயும் பாத்துக்கலாம்னு..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். உறுப்பினர்கள் முதல்முறையாக ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி பேனாவைக் கீழே வைத்தார். குழு டீ குடிக்கக் கலைந்தது.

திரும்பி வந்தபோது எல்லோர் முகமும் மாறியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"தம்பி," என்றார் பூதக்கண்ணாடி. அதுவரை நீங்கள், உங்கள் என்று மரியாதையாகச் சந்தேகப்பட்டவர். "இது எவ்வளவு நீளம் வரைக்கும் எழுதலாம்?"

"எவ்வளவு வேணாலும் சார்."

"மக்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதானே?" என்றார் தலைவர்.

"இல்ல சார். பேப்பர்ல பாத்தா யாருக்குமே தெரியாது. நம்ம ஆளுங்களுக்கும்..."

"உக்காருங்க தம்பி. ரொம்ப நல்ல வேலை பண்ணியிருக்கீங்க." சோதனையில் மறைவு வரிக்கு மட்டும் 'மிகச் சிறப்பு' என்று போட்டார்கள். நட்சத்திரங்கள் இயற்கையாக மறைந்தவை என்று கோப்பை மூடினார்கள். கம்ப்யூட்டரில் உள்ள மூலப் பிரதிகளை இனி கண்காணிப்பு அறையில் பூட்டி வைக்க வேண்டும், மற்ற பிரிவுகளுக்கு அச்சுப் பிரதி மட்டுமே போக வேண்டும் என்றும் அன்றே ஒரு விதி செய்தார்கள்.

அதற்குப் பிறகு என் மேசைக்கு ஓய்வே இல்லை. மறைவு வரி போட எல்லோருக்கும் ஆசை. குறி போடத் தெரிந்தவன் நான் ஒருவன். பதினெட்டு நாள் பயிற்சியில் அவர்கள் கற்றுக்கொண்டது பயிற்சிக்கு வந்ததற்குக் கையெழுத்துப் போடுவதை மட்டும்தான். ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு வருவார்கள். காதருகே குனிந்து சொல்வார்கள். "அடிச்சதும் மறந்துடணும், என்ன?" ஓய்வுபெறும் பொறியாளருக்குப் பாராட்டுப் பத்திரம்: 'அன்னாரின் சேவை மகத்தானது' என்று அச்சில் இருக்க, அடியில் மறைவாக, 'இவர் போவதே சேவை.' வெளியூர் விருந்தினருக்கு வரவேற்பு மடல்: 'மீண்டும் மீண்டும் வருக' என்பதற்குக் கீழே, 'காவலாளி இந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளவும்.' தலைவர் பூதக்கண்ணாடியைப் பற்றி மூன்று வரி சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பூதக்கண்ணாடி வந்து தலைவரைப் பற்றி ஐந்து வரி சொன்னார். உறுப்பினர்கள் இருவரும் தனித்தனியாக வந்து ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் யார் எழுதியதையும் படிக்கவில்லை. படிக்க முடியாதே. ஆனால் எல்லோரும் நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைத்த மாதிரி நடமாடினார்கள். அலுவலகத்தில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

எனக்குத்தான் கனத்தது. அத்தனை பேருடைய மனசும் என் விரல் வழியாகப் போயிருந்தது. நான் நடந்து போனால் பேச்சு நின்றது. டீ வாங்கித் தந்தார்கள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

இருபத்தாறாம் தேதி என் இடமாற்ற உத்தரவுக்கு முறை வந்தது. அவரவர் உத்தரவை அவரவர் தட்டக் கூடாது என்பதால் பூதக்கண்ணாடியே கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தவர் மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார். முகம் வியர்த்திருந்தது. கையில் இருந்த அச்சில் முதல் நான்கு வரிதான் இருந்தது. என் பெயர் இருந்தது, பதவி இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம். போக வேண்டிய ஊர், தேதி, தலைவரின் கையெழுத்துக்கான இடம், எதுவும் இல்லை.

"பாதி உத்தரவக் காணோம் தம்பி."

எனக்குப் பார்க்காமலே விளங்கிவிட்டது. மறைவு வரியைத் திறந்தவர் மூடும் குறியைப் போட மறந்துவிட்டார். அங்கிருந்து கடைசிவரை எல்லாமே மறைவு என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் என் உத்தரவில் ஒரு மறைவு வரி இருக்கிறது.

"மூடற குறி விட்டுப்போச்சு சார். திரையக் காட்டினா போட்டுத் தரேன்."

"திரையப் பாக்காம போட முடியாதா?"

"எங்க போடறதுன்னு தெரியணுமே சார்."

அவர் உள்ளங்கையைத் திரையில் வைத்து மூடினார். மூடுவதற்குள் நான் படித்துவிட்டேன். வருடக்கணக்காகத் தட்டுகிறவனுக்கு ஒரு வரி படிக்க எவ்வளவு நேரம் வேண்டும். 'இவரை விடுவிக்க வேண்டாம். எல்லா மறைவு வரிகளும் இவருக்குத் தெரியும்.'

பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் விரலைப் பிடித்து விழுக்காட்டுக் குறிச் சாவிமேல் வைத்து, ஒரு முறை அமுக்க வைத்தார். 'தட்டச்சர் கண்ணை மூடியிருந்தார்' என்று ஒரு சான்றிதழ் எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். அச்சு இயந்திரம் முழு உத்தரவையும் கக்கியது. ஊர், தேதி, தலைவரின் கையெழுத்துக்கான இடம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடமாற்றம் என்ற சொல் தடித்திருந்தது.

"விடுவிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோங்க. மத்தத அவங்க பாத்துப்பாங்க," என்று அன்பாகச் சொன்னார். தலைவரிடம் கையெழுத்து வாங்கிய கையோடு ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிவிட்டார். சீர்மொழியின் அருமை பெருமைகளைப் பற்றி அவர்தான் வகுப்பு எடுக்கிறார்.

அந்தத் தாளோடு வராந்தாவில் நின்றேன். விடுவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. விடுவிக்கிறவர்கள் படிக்கிற காகிதத்தில் அது இல்லை. அது இருக்கிற மூலப் பிரதி கண்காணிப்பு அறையில் பூட்டியிருக்கிறது. சாவி வெளியூர் போயிருக்கிறது. தங்களுக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியதைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

விடுவிப்புப் பிரிவு மேடம் முத்திரையைக் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டியிருப்பார். அதைக் கழற்றி வைத்து யாரும் பார்த்ததில்லை. உத்தரவை வாங்கி மூன்று முறை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி விரலால் தடவினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். "அதான் இடிக்குது."

தாளை மேசைமேல் வைத்து நீவினார்.

"மறைவு வரின்னு ஏதோ வந்திருக்குன்னு பேசிக்கறாங்க. எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. இந்தப் பேப்பர்ல அந்த மாதிரி ஏதாவது இருக்கா? கண்காணிப்பு சார் வரட்டும்னா அடுத்த வாரம் ஆயிடும். நீங்கதான சோதனை பண்ணினவரு, நீங்களே சொல்லுங்க."

எங்கள் அலுவலகத்தில் என்னை ஒருவர் நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. எதிர்வீட்டு அம்மாவின் கட்டிவைத்த பாத்திரங்கள் ஞாபகம் வந்தன. என் மகள் இந்த வருடம் எவ்வளவு உயரமாகியிருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது.

"இல்ல மேடம்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஆறு நாள் உண்மையைச் சொன்னபோது ஒருத்தர்கூட என்னை நம்பவில்லை. உண்மை சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறும். இப்போது தடுமாறவே இல்லை.

"சரி," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வேகமாக நடந்தால் சந்தேகம் வரும் என்று மெதுவாகவே நடந்து தெருவுக்கு வந்தேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்கிய பிறகுதான் மனைவிக்குப் போன் பண்ணினேன். அவள் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மாதமாக நான் சொன்னது எதுவும் நடந்ததில்லை.

"நெஜமாவே உத்தரவு வந்துடுச்சா? கையில இருக்கா?"

"கையிலதான் இருக்கு. முத்திரை குத்தியாச்சு."

"திரும்பக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

பஸ் கிளம்பப் போகிறது, ஏறிக்கொள்கிறேன் என்றேன். பின்னால் குழந்தை, யார் போன்ல, யார் போன்ல என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும் முழுசாப் படிச்சுக் காட்டுங்க," என்றாள் மனைவி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாளை மடிமேல் விரித்து, அச்சில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.